டெங்கு: வீட்டுத் தண்ணீரும் எட்டு நாள் கணக்கும்

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் நான்கு நாளைக்கு ஒரு முறைதான் வரும். கோடையில் அது ஏழு நாளாகவும் ஆகும். அதனால் எல்லார் வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் குளியலறையில் ஒரு நீல டிரம், அடுப்படியில் நான்கு குடம், பின்வாசலில் ஒரு சிமெண்ட் தொட்டி. சில வருடங்களுக்கு முன் கொசுப்புழு பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர் ஒருவர், கையில் டார்ச்சோடு நேராக அந்த நீல டிரம்முக்குத்தான் போனார். மூடியைத் திறந்து உள்ளே வெளிச்சம் அடித்தார். ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை.

“ஏம்மா, நல்ல தண்ணி அது. நேத்துதான் நிரப்புனோம். அதுல எங்க புழு வரப்போவுது?”

“இங்க வந்து பாருங்க ஆச்சி.”

நானும் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அடி தெரியுமளவு தெளிவாக இருந்தது. வெளிச்சம் பட்டதும், மேற்பரப்பில் தொங்கிக்கொண்டிருந்த சின்னச் சின்ன உருவங்கள் நெளிந்து நெளிந்து கீழே போயின. கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொன்றாக மேலே வந்து, வால் நுனியை நீர்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கின. அந்த வால் நுனியில்தான் அவற்றுக்கு மூச்சுக்குழல் இருக்கிறது. அப்புறம் அந்தப் பணியாளர் தண்ணீருக்குச் சற்று மேலே, டிரம்மின் உட்சுவரில் விரலை வைத்துத் தேய்த்துக் காட்டினார். விரலில் கறுப்பாக மிளகுத்தூள் போல ஏதோ ஒட்டியிருந்தது.

“இது அழுக்கு இல்ல ஆச்சி, முட்டை. தண்ணிய கொட்டுனா மட்டும் இது போவாது. தேய்க்கணும்.”

டெங்குவைப் பற்றி நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது எல்லாமே அந்த விரல் நுனிக் கறுப்புக்குத்தான் திரும்பத் திரும்ப வந்து நின்றது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சாக்கடைக் கொசு வேறு, இது வேறு

கொசு என்றதும் நமக்குச் சாக்கடைதான் நினைவுக்கு வருகிறது. இரவில் காதருகே ரீங்காரமிட்டு, தூக்கத்தைக் கெடுக்கும் கொசு பெரும்பாலும் கியூலெக்ஸ் வகை. அது அழுக்குத் தண்ணீரில் வளர்வது, யானைக்கால் நோயைப் பரப்புவது. மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் வகை. டெங்குவைக் கொண்டுவருவது ஏடிஸ் வகை, முக்கியமாக ஏடிஸ் எஜிப்தி. ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற இன்னொரு வகையும் பரப்பும். அது மரப்பொந்து, இலைக்கணு, தோட்டத்தில் கிடக்கும் சிரட்டை என்று செடிகொடிகளை ஒட்டி அதிகம் வாழும்.

ஏடிஸ் எஜிப்தி கறுப்பாக இருக்கும். கால்களில் வெள்ளை வளையம் வளையமாகப் போட்டிருக்கும். பகலில் கடிக்கும். விடிந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரமும் அதற்கு உகந்த வேளை. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரமும், வந்து விளையாடும் நேரமும் இதற்குள் வந்துவிடுகின்றன. இரவுக்கு மட்டும் கொசுவர்த்தி கொளுத்திவிட்டு நிம்மதியாக இருப்பதால் டெங்கு தடைபடாமல் போவது இதனால்தான்.

கடிப்பது பெண் கொசு மட்டும். முட்டை உருவாக அதற்கு ரத்தம் வேண்டும். அதிலும் இது ஒரே ஆளிடம் வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போகும் கொசு இல்லை. கொஞ்சம் அசைந்தாலும் பறந்து, அடுத்தவர் காலில் போய் உட்காரும். ஒரே வீட்டில் அடுத்தடுத்து மூன்று பேர் படுத்துவிடுவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். பொதுவாகத் தான் பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிந்துவிடும். கட்டிலுக்கு அடியில், தொங்கும் துணிகளுக்குப் பின்னால், அலமாரி மூலையில் என்று இருட்டான இடங்களில் ஓய்வெடுக்கும். நம்மைக் கடித்த ஏடிஸ் கொசு பெரும்பாலும் நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததுதான்.

முட்டையிடும் விதம்தான் இதன் பெரிய பலம். தண்ணீரின் மேல் முட்டையிடாது. தண்ணீர் தொடும் கோட்டுக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவைக்கும். ஒரு தடவைக்கு நூறு முட்டை வரை இடும். அதையும் ஒரே இடத்தில் போடாமல் டிரம்மில் கொஞ்சம், தொட்டியில் கொஞ்சம், பூந்தொட்டித் தட்டில் கொஞ்சம் என்று பிரித்துப் போடும். தண்ணீர் வற்றிக் காய்ந்துவிட்டாலும் முட்டை பல மாதம் உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறி முட்டையை நனைத்ததும் புழு வெளியே வந்துவிடும்.

ஆச்சி சொன்ன “நேத்துதான் நிரப்புனோம்” என்பதற்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. நாங்கள் டிரம்மை ஒருபோதும் முழுதாகக் காலி செய்ததில்லை. பாதித் தண்ணீர் இருக்கும்போதே குழாய் வந்துவிடும், மேலே நிரப்பிவிடுவோம். ஒவ்வொரு தடவை தண்ணீர் ஏறும்போதும் சுவரில் ஒட்டியிருந்த முட்டைகள் நனைந்தன. தண்ணீர்க் கஷ்டத்தில் பத்திரமாகச் சேர்த்துவைக்கிற ஒவ்வொரு வீட்டிலும் இதுவே நடக்கிறது.

இனி நாள் கணக்கு. முட்டையிலிருந்து வந்த புழு நான்கு தடவை தோல் உரித்து வளர ஏறக்குறைய ஐந்து நாள். கால்புள்ளி வடிவில் சுருண்டிருக்கும் கூட்டுப்புழுவாக இரண்டு நாள். அப்புறம் கொசு. நம் ஊர் வெயிலில் ஏழு முதல் பத்து நாளுக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால்தான் வாரம் ஒரு முறை என்று எல்லாரும் சொல்கிறார்கள். வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீரைக் கொட்டித் தேய்த்துவிட்டால், எந்தப் புழுவுக்கும் இறக்கை முளைக்க நேரம் கிடைக்காது.

சென்னையில் 1780, கடையநல்லூரில் 2012

இது புதுக் காய்ச்சல் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் டெங்கு போன்ற கொள்ளைக் காய்ச்சல் பதிவானது 1780இல், நம் சென்னையில். அது கொசுவால் பரவுவது என்று கண்டுபிடிக்க இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்தவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள், 1943இல். இந்தியாவில் 1963-64இல் கல்கத்தாவில் ரத்தக்கசிவோடு கூடிய கடும் டெங்கு பரவியது. 1996இல் டெல்லியில் 10,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு 400க்கும் மேற்பட்டோர் இறந்தபோதுதான் நாடு முழுவதும் இந்தப் பெயர் தெரிந்தது.

1970க்கு முன் கடும் டெங்கு கொள்ளைநோயாகப் பரவிய நாடுகள் ஒன்பதுதான் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இன்று நூறு நாடுகளுக்கு மேல் டெங்கு நிலைத்துவிட்டது. உலக மக்கள்தொகையில் பாதிப் பேர் அது பரவக்கூடிய இடங்களில் வாழ்கிறார்கள். ஆண்டுக்கு 10 கோடி முதல் 40 கோடி வரை தொற்றுகள் ஏற்படுவதாக மதிப்பீடு. 2024இல் மட்டும் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பாதிப்புகள் கணக்கில் வந்தன. அதில் பெரும்பகுதி பிரேசிலில். இந்தியாவில் 2023ஆம் ஆண்டு 2,89,235 பேருக்கு டெங்கு உறுதியானது, 485 பேர் இறந்தார்கள். இவை பரிசோதனையில் உறுதியாகி அரசுக் கணக்கில் ஏறியவை மட்டும். தொற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது, அல்லது இரண்டு நாள் காய்ச்சலோடு போய்விடும். அவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

தமிழ்நாட்டில் 2012இல் 12,826 பேருக்கு டெங்கு உறுதியாகி, 66 பேர் இறந்தார்கள். 2017இல் 23,294 பேர், 65 இறப்புகள். இந்த இரண்டில் 2012 எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது தொடங்கியது மழைக்காலத்தில் இல்லை, கோடையில். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், குறிப்பாக இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கும் கடையநல்லூர் வட்டாரத்தில், வீட்டுக்கு வீடு காய்ச்சல். மழைத் தண்ணீர் தேங்கினால்தான் டெங்கு வரும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது புரியவே இல்லை. கோடையில் தெருவில் தண்ணீர் இல்லை, ஆனால் வீட்டுக்குள் டிரம் டிரம்மாக இருந்தது. மழை பெய்தால் மொட்டை மாடியிலும் காலி மனையிலும் வளர்கிற கொசு, வறட்சி வந்தால் குளியலறைக்குள் வளர்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் எண்ணிக்கை ஏறும் என்பது உண்மைதான். ஆனால் தண்ணீர்ப் பஞ்சமும் டெங்குவுக்கு ஒரு காலம். ஒழுங்காகக் குழாய்த் தண்ணீர் கொடுப்பதும் டெங்கு தடுப்பு வேலைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தினமும் தண்ணீர் வரும் வீட்டில் யாரும் ஐந்து டிரம் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

இலங்கை 2017இல் பட்ட பாடு இன்னும் பெரியது. இரண்டு கோடிப் பேர் மட்டுமே வாழும் தீவில் ஒரே ஆண்டில் 1,86,101 பேர் பாதிக்கப்பட்டார்கள், 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் வெள்ளம் வந்தது, நகரங்களில் குப்பை அள்ளாமல் கிடந்தது. ஆனால் அதோடு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. அது டெங்கு வைரஸின் தன்மை பற்றியது.

ஒரு பெயர், நான்கு வைரஸ்

டெங்கு வைரஸில் 1, 2, 3, 4 என்று நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு எதிரான பாதுகாப்பு ஆயுள் முழுக்க இருக்கும். மற்ற மூன்றுக்கும் சில மாதம் மட்டும் பாதுகாப்பு இருந்து, பிறகு போய்விடும். ஆக ஒருவருக்கு வாழ்நாளில் நான்கு தடவை டெங்கு வர வாய்ப்பிருக்கிறது.

கவலை எதில் என்றால், இரண்டாம் தடவை வேறு வகை வந்தால் நோய் கடுமையாகும் ஆபத்து கூடுகிறது. முதல் தடவை உடம்பு உருவாக்கிய எதிர்ப்புப் பொருள்கள் புது வகை வைரஸை ஒட்டிக்கொள்ளும், ஆனால் அதைச் செயலிழக்கச் செய்ய முடியாது. ஒட்டிக்கொண்ட நிலையிலேயே வைரஸை நம் வெள்ளணுக்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உள்ளே போன வைரஸ் அங்கேயே பெருகுகிறது. காவலுக்கு நின்றவரே கதவைத் திறந்துவிட்டது போல. இலங்கையில் 2017க்கு முந்தைய சில ஆண்டுகளில் 1ஆம் வகை அதிகம் சுற்றியது. 2017இல் 2ஆம் வகை ஓங்கியது. அதற்கு எதிர்ப்பு இல்லாத மக்கள் ஏராளமாக இருந்தார்கள்.

“எனக்கு ஒரு தடவை வந்துடுச்சு, இனி வராது” என்று யாராவது சொன்னால், அவர்தான் மற்றவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும்.

கொசுவுக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல்காரரைக் கடித்த உடனே அந்தக் கொசு அடுத்தவருக்கு நோயைக் கொடுத்துவிடாது. வைரஸ் அதன் வயிற்றில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்துசேர எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். அதன் பிறகு சாகும்வரை அது பரப்பும். கடிபட்ட ஆளுக்கு நான்கு முதல் பத்து நாளில் காய்ச்சல் வரும். தெருவில் முதல் காய்ச்சலுக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் இரண்டு, மூன்று வாரம் இடைவெளி தெரிவது இதனால்தான். அந்த இடைவெளியில் தெருவே சேர்ந்து டிரம்களைத் தேய்த்தால் அடுத்து வரும் அலைகளைக் குறைக்கலாம்.

காய்ச்சல் விட்ட பிறகுதான் பார்க்க வேண்டும்

என் அத்தை மகனுக்குக் கல்லூரி படிக்கும்போது டெங்கு வந்தது. நான்கு நாள் 103, 104 என்று காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் குத்துவலி, முதுகும் முட்டியும் அடித்துப்போட்டது போல வலி. ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் இல்லை. அத்தை மகிழ்ந்து போய் இட்லி அவித்துக் கொடுத்தார். மதியத்துக்குள் அவன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான், வயிறு வலிக்கிறது என்றான். கையைத் தொட்டால் குளிர்ந்து, ஈரமாக இருந்தது. ஆள் எழுந்து உட்கார முடியாமல் துவண்டு கிடந்தான். காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, களைப்பாக இருக்கும் என்று சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் செவிலியராக இருந்த அக்கா வந்து பார்த்துவிட்டு உடனே வண்டி வைக்கச் சொன்னதால் பிழைத்தான்.

டெங்கு மற்ற காய்ச்சல்களிலிருந்து வேறுபடுவது இங்கேதான். முதல் கட்டம் காய்ச்சல் கட்டம். அப்போது வைரஸ் ரத்தத்தில் நிறைந்திருக்கும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். அந்த வேளையில் சிலருக்கு ரத்த நாளங்களின் சுவர் இளகி, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்குகிறது. நாளத்துக்குள் மிஞ்சியிருக்கும் ரத்தம் கெட்டியாகி, ஓட்டம் குறைந்து, கை கால் குளிர்ந்து போகும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அந்த ஒன்றிரண்டு நாளை அளவான நீரேற்றத்தோடு தாண்டிவிட்டால் ஆள் தேறிவிடுவார். சரியான நேரத்தில் சரியான கவனிப்புக் கிடைத்தால் கடும் டெங்குவிலும் இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

ஆகவே காய்ச்சல் விடும் நேரத்தில் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும். விடாத வயிற்று வலி, அடிக்கடி வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், மூச்சு வாங்குதல், நிலைகொள்ளாமல் புரளுதல் அல்லது எழுப்ப முடியாத சோர்வு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருத்தல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் என்றால் காய்ச்சல் தொடங்கும்போதே மருத்துவரிடம் போய்விடுவது நல்லது.

பரிசோதனையில் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் ஐந்து நாளுக்குள் என்றால் என்.எஸ்.1 பரிசோதனையில் வைரஸின் புரதம் தெரியும். ஐந்து நாளுக்குப் பிறகு ஐ.ஜி.எம். எலிசா பரிசோதனைதான் பொருந்தும். இரண்டாம் நாளில் எடுத்த ஐ.ஜி.எம். முடிவு ‘இல்லை’ என்று வந்தால் அதை நம்பி இருந்துவிட முடியாது.

அடுத்தது பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள். வீட்டில் டெங்கு என்றாலே எல்லாரும் கேட்பது “பிளேட்லெட் எவ்வளவு?” என்றுதான். இயல்பு அளவு ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம். டெங்குவில் அது வேகமாக இறங்கும், பிறகு தானாக ஏறும். அந்த எண் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் மருத்துவர்கள் அதே சீட்டில் பி.சி.வி. என்று இருக்கும் எண்ணையும் பார்க்கிறார்கள். ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டுவது அது. பிளேட்லெட் விறுவிறுவென்று இறங்கும்போது பி.சி.வி. ஏறினால், நீர்ப்பகுதி கசிகிறது என்று பொருள். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண் குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதில் பயன் இல்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. பாட்டில் கிடைக்கவில்லை என்று நடு இரவில் ரத்த வங்கி ரத்த வங்கியாக அலையும் குடும்பங்களை நினைத்தால், இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை நடைமுறையில் இல்லை. காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால், ஓய்வு, நிறைய நீராகாரம். கஞ்சி, மோர், இளநீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் எல்லாம் ஏற்றவை. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் கூடவே கூடாது. அவை ரத்தக்கசிவைக் கூட்டும். உடம்பு வலிக்கிறதே என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடுவதும் ஊசி போட்டுக்கொள்வதும் ஆபத்தாக முடிவது இப்படித்தான். இலங்கை மருத்துவர்கள் இன்னொன்றையும் சொல்வார்கள்: சிவப்பு, பழுப்பு நிறப் பானங்களைக் கொடுக்காதீர்கள், வாந்தியில் அந்த நிறம் வந்தால் ரத்தமா என்று குழப்பும். 2012இல் இருந்து தமிழ்நாட்டில் நிலவேம்புக் குடிநீர் பரவலாகக் கொடுக்கப்படுகிறது. பப்பாளி இலைச்சாறும் பலர் குடிக்கிறார்கள். குடிப்பவர்கள் குடிக்கட்டும். அதைக் குடித்துவிட்டோம் என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதைத்தான் நான் பயத்தோடு பார்க்கிறேன்.

தேய்ப்பதும் மூடுவதும்

தடுப்பு என்று சொல்வதெல்லாம் கடைசியில் தண்ணீர் நிற்கும் பாத்திரங்களில்தான் போய் முடிகிறது. டிரம், அண்டா, சிமெண்ட் தொட்டி ஆகியவற்றை வாரம் ஒரு நாள் முழுதாகக் காலி செய்து, உட்சுவரை மேலிருந்து கீழ்வரை தேங்காய் நாரோ பிரஷோ போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் சேர்த்துத் தேய்த்துக் கழுவினால் இன்னும் நல்லது. கழுவிய தண்ணீரை வெயில் படும் மண்தரையில் ஊற்ற வேண்டும். காலி செய்யவே முடியாத அளவு தண்ணீர்க் கஷ்டம் என்றால், இருக்கும் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டுத் தேய்க்கலாம். புழு துணியில் தங்கிவிடும்.

மூடி போட்டிருக்கிறோம் என்பார்கள் பலர். எங்கள் டிரம்முக்கும் மூடி இருந்தது, விளிம்பில் ஒரு விரல் நுழையும் உடைப்போடு. கொசுவுக்கு அது பெருவாசல். பழைய வேட்டித் துணியை வாயில் விரித்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது உடைந்த மூடியைவிட எவ்வளவோ மேல். மொட்டை மாடித் தொட்டியில் மூடியை மட்டும் பார்த்தால் போதாது. நிரம்பி வழியும் குழாயின் வாய்க்கும் வலை கட்ட வேண்டும்.

வீட்டில் நாம் மறந்தே போகும் இடங்கள் சில உண்டு. பிரிட்ஜின் பின்பக்கம் கீழே தண்ணீர் சொட்டிச் சேரும் தட்டு, மணிபிளான்ட் வைத்த பாட்டில், பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, யாரும் பயன்படுத்தாத கழிப்பறை, பின்வாசலில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி. எங்கள் வீட்டில் இரண்டாம் தடவை புழு பிடிபட்டது பிரிட்ஜ் தட்டில்தான். அப்படி ஒரு தட்டு இருப்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. வெளியே என்றால் பழைய டயர், இளநீர்க் கூடு, சிரட்டை, பிளாஸ்டிக் கப், கட்டுமானம் நடக்கும் இடத்துத் தொட்டி. டயருக்குள் தேங்கிய தண்ணீரை எப்படிக் கவிழ்த்தாலும் முழுதாகக் கொட்ட முடியாது. அதனால்தான் டயரைத் துளையிடுங்கள் அல்லது கூரைக்கு அடியில் வையுங்கள் என்கிறார்கள்.

பணியாளர்கள் தண்ணீரில் ஊற்றும் அபேட் என்ற புழுக்கொல்லி மருந்தை நிறைய வீடுகளில் ஊற்ற விடுவதில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவில்தான் அது போடப்படுகிறது. கழுவ முடியாத பெரிய தொட்டிகளுக்கு அது கைகொடுக்கும். கிணறு, பெரிய தொட்டி என்றால் கம்பூசியா, கப்பி மீன்களை விடலாம். புழுக்களை அவை விரும்பித் தின்னும்.

புகை மருந்து அடிக்கும் வண்டி தெருவில் வந்தால்தான் அரசு வேலை செய்கிறது என்று நினைக்கும் வழக்கம் நமக்கு இருக்கிறது. அந்தப் புகை பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும் கொல்லும். நாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டால் கட்டிலுக்கடியில் இருக்கும் ஏடிஸ் தப்பிவிடும். டிரம்மில் இருக்கும் முட்டைக்கும் புழுவுக்கும் ஒன்றும் ஆகாது, அடுத்த வாரம் புதுக் கொசு வரும். காய்ச்சல் பரவியிருக்கும் தெருவில் நோய்க்கொசுவை உடனே குறைக்கப் புகை தேவைதான். ஆனால் வீடு வீடாக டார்ச்சோடு வருபவர் செய்வது அதைவிடப் பெரிய வேலை. வெயிலில் ஒரு நாளைக்கு எத்தனையோ வீட்டுப் படி ஏறி இறங்கும் அவர்களை, பெரும்பாலும் பெண்கள், கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி அனுப்புவது எனக்குப் பொறுக்காத ஒன்று. இலங்கையில் கொசு வளர விடுவதைத் தடுக்க 2007இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். இங்கும் உள்ளாட்சிகள் நோட்டீஸ் கொடுக்கின்றன, அபராதம் போடுகின்றன.

ஒரு தகவலைக் கடலோரத்தில் இருப்பவர்களுக்காகச் சொல்ல வேண்டும். ஏடிஸ் நல்ல தண்ணீரில்தான் வளரும் என்று இதுவரை சொன்னேன். யாழ்ப்பாணக் கடற்கரைப் பகுதிகளில் உவர்நீரிலும் ஏடிஸ் புழுக்கள் வளர்வதை ஆய்வாளர்கள் கண்டு 2011இல் எழுதினார்கள். கரையில் கிடக்கும் உடைந்த படகு, கைவிட்ட கிணறு போன்ற இடங்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

தடுப்பூசியும் வேறு வழிகளும்

நான்கு வகைக்கும் ஒரே அளவில் பாதுகாப்புத் தராத தடுப்பூசி, இரண்டாம் தொற்று போலவே கெடுதல் செய்துவிடக்கூடும். பிலிப்பைன்ஸில் டெங்வாக்சியா தடுப்பூசித் திட்டம் 2017 இறுதியில் நிறுத்தப்பட்டது இந்தச் சிக்கலால்தான். முன்பு டெங்கு வராத பிள்ளைகளுக்கு அது பிற்பாடு கடும் டெங்கு ஆபத்தைக் கூட்டியது. அடுத்து வந்த கியூடெங்காவை, டெங்கு அதிகம் பரவும் இடங்களில் 6 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இந்தியாவில் டெங்கிஆல் என்ற ஒரே தவணைத் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்க்கும் சோதனை அது.

இன்னொரு வழி கொசுவையே மாற்றுவது. வொல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏடிஸ் உடம்பில் இருந்தால் டெங்கு வைரஸ் அதில் சரியாகப் பெருகாது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் அப்படிப்பட்ட கொசுக்களைப் பறக்கவிட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021இல் வெளியான ஆய்வு சொன்னது. நம் புதுச்சேரியில் இருக்கும் கொசு ஆராய்ச்சி மையமும் வொல்பாக்கியா உள்ள ஏடிஸ் கொசுக்களை ஆய்வகத்தில் உருவாக்கியிருக்கிறது.

வீட்டில் ஒருவருக்கு டெங்கு வந்துவிட்டால் அவரைப் பகலிலும் கொசு வலைக்குள் படுக்கவைக்க வேண்டும். ரத்தத்தில் வைரஸ் இருப்பது காய்ச்சல் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிலிருந்து, காய்ச்சல் விட்டு இரண்டு நாள்வரை. அந்த நாள்களில் அவரைக் கடிக்கும் கொசுதான் அடுத்த வீட்டுக்குப் போகும். அத்தை மகன் மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று செவிலியர் அக்கா முதலில் கேட்டது வலையைத்தான். கட்டிலில் வலையைக் கட்டிவிட்டு, அத்தையையும் கூட்டிக்கொண்டு டிரம்மைக் கவிழ்க்கப் போனார்.